பால்மாவு டின்களை ஏன் அனுப்ப வேண்டாம் என்கிறேன்

2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டதும், 2024 ஆகஸ்டில் வட டார்ஃபூரின் சம்சம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டதும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து மக்களையும் கலங்க வைத்தன. கோயில் மண்டபத்தில் பொருள் சேர்க்கத் தொடங்கியபோது, எல்லாவற்றுக்கும் முன்பாக வந்து குவிந்தவை குழந்தைகளுக்கான பால்மாவு டின்கள்தாம். கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போன பெண்கள், பசித்த குழந்தை என்றதும் பாலைத்தானே நினைப்பார்கள்? அந்த அன்பை மதிக்கிறேன். ஆனாலும் அந்த டின்கள் போகக் கூடாது என்று கூறினேன். தென் சூடானில் தாதியாக வேலை செய்தபோது நான் கண்டதே அதற்குக் காரணம்.

அங்கே 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. நான் இருந்தது பெந்தியூவில், ஐ.நா. அமைதிப்படைத் தளத்தை ஒட்டி எழுந்த அடைக்கல முகாமில். 2017 பிப்ரவரியில் லேர், மாயெந்திட் வட்டாரங்களில் பஞ்சம் அறிவிக்கப்பட்ட காலம் அது. மாடுகளை நம்பி வாழ்ந்த நுவேர் மக்களின் மந்தைகள் கொள்ளை போனதால் குழந்தைகளுக்குப் பாலும் போயிற்று. சதுப்பு நிலத்தில் ஒளிந்து, அல்லிக் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்தவர்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நடந்து வந்தார்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் மேற்கையை வண்ண நாடாவால் அளப்போம். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது உயிருக்கு ஆபத்து. இரு பாதங்களிலும் அழுத்திய விரல் பதியும் வீக்கம் இருந்தாலும் ஆபத்துதான். பசியெடுத்துச் சாப்பிடும் நிலையில் உள்ள பிள்ளைக்கு, நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய், சத்துக் கலவை ஆகியவை சேர்ந்த பசைப் பொட்டலங்களை வாராவாரம் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடுவோம். 92 கிராம் கொண்ட ஒரு பொட்டலத்தில் 500 கலோரி இருக்கிறது. அதைச் சமைக்க வேண்டாம், தண்ணீரும் கலக்க வேண்டாம். ஈரப்பசை மிகக் குறைவு என்பதால் அதில் கிருமி எளிதில் பெருகாது. பாலும் அதில்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லாமல். என் பேச்சின் சாரமே இதுதான்.

முகாமுக்கு வந்த ஒரு தாயிடம் எங்கிருந்தோ கிடைத்த பால்மாவு டின் ஒன்று இருந்தது. விறகு கிடைக்காததால் குளத்து நீரைக் காய்ச்சாமலே கலக்கியிருந்தாள். மாவு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று நீர்க்கவும் கரைத்திருந்தாள். பால்மாவே கிருமியற்ற பொருளன்று. 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கரைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு கண்கள் குழிவிழுந்திருந்தன. அத்துடன், குழந்தை மார்பை விட்டு விலகியதால் தாய்ப்பாலும் குறைந்துவிட்டது. டின் காலியானபோது இரண்டுமே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தவர் நல்ல எண்ணத்தோடு கொடுத்தார், வாங்கியவள் வேறு வழியின்றி வாங்கினாள்.

இது ஒரு தாயின் கதை மட்டுமன்று. நமக்கு அருகிலேயே, 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த ஆய்வில், நன்கொடைப் பால்மாவு பெற்ற சிறு குழந்தைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப்போக்கு இருந்தது தெரியவந்தது.

மண்டபத்தில் இதைச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், "ஏம்மா, பயத்துலயும் பட்டினியிலயும் தாய்க்குப் பால் வத்திப் போயிருக்குமே, அந்தப் பிள்ளைங்க என்ன செய்யும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. "பெரும்பாலும் அப்படி வற்றிவிடுவதில்லை, பாட்டி. மெலிந்த தாய்க்கும் பால் சுரக்கும். அதிர்ச்சியில் பால் இறங்குவது தடைபட்டாலும், அடிக்கடி சப்பக் கொடுத்தால் திரும்ப வரும். தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் அமைதியான ஓர் இடமும் கொடுப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் உதவி" என்றேன். பணமாகச் சேர்த்து, அங்கே ஏற்கெனவே களத்தில் இருக்கும் மருத்துவ, ஊட்டச்சத்து அமைப்புகளுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். பலர் ஒப்புக்கொண்டார்கள், சிலருக்கு இன்னமும் மனம் ஒப்பவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"தாயே இல்லாத பிள்ளைக்கு?" என்று அந்தப் பாட்டி விடாமல் கேட்டார். பெந்தியூவில் அப்படிப்பட்ட குழந்தை ஒன்றை அதன் சித்தி மார்போடு அணைத்துக்கொள்ள, கிண்ணத்துப் பாலில் ஒரு முனையை அமிழ்த்திய மெல்லிய குழாயின் மறுமுனையை அவள் முலைக்காம்பருகே ஒட்டிச் சப்பவைத்தோம். நாளடைவில் அவளுக்கே பால் சுரந்தது. அப்படி ஒருவரும் கிடைக்காத குழந்தைக்கு மட்டுமே குழந்தைப் பால் கொடுக்கப்படும். அதைத் தாதியர் கண்காணிப்பில், சுத்தமான நீரில் கலந்து, புட்டியில் அல்லாமல் எளிதில் கழுவக்கூடிய கிண்ணத்தில், தேவைப்படும் மாதங்கள் முழுவதும் தட்டின்றிக் கொடுக்க வேண்டும்.