சிங்கப்பூரில் நாயோடு காட்டு நடை போக நல்ல இடம் எது?

தோபாயோ வாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்) இருக்கிறாள். நாலு வயது, 16 கிலோ. புளோக்கைச் சுற்றி நடப்பது அவளுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கிற மாதிரி பாதை வேண்டும். மெக்ரிச்சி நீர்த்தேக்கம்தான் பக்கம், ஆனால் நாய்க்கு அனுமதி இல்லை என்கிறார்கள். உண்மையா? எங்களிடம் கார் கிடையாது. இடிச் சத்தம் கேட்டால் அவள் நடுங்குவாள். நல்ல இடங்களோடு, கவனிக்க வேண்டியதையும் சொல்லுங்கள்.

பச்சைத்தடம்:
உண்மைதான். மெக்ரிச்சியின் காட்டுப் பாதைகள் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்துக்குள் வருகின்றன. அங்கேயும் புக்கிட் தீமா, சுங்கை பூலோ காப்பகங்களிலும் கயிறு கட்டியிருந்தாலும் நாயைக் கொண்டுபோகக் கூடாது. எறும்புத்தின்னியும் சருகுமானும் மிஞ்சியிருக்கிற காடுகள் அவை. நாய் துரத்த வேண்டியதில்லை, அதன் வாடையே போதும், அந்தப் பிராணிகள் இடத்தைவிட்டு ஒதுங்கிவிடும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயின் கிருமி புனுகுப்பூனைக்கும் தொற்றும். இந்த விதியை மதிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது சதர்ன் ரிட்ஜஸ், தெற்கே உள்ள குன்றுகளை இணைக்கிற நடைபாதை. ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் மராங் டிரெயில் படிகளில் ஏறினால் மவுண்ட் ஃபேபர். அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் மரப்பாலம், தெலுக் பிளாங்கா மலை, பிறகு அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலம். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். திரும்பவும் தெலுக் பிளாங்கா வரை நடந்தால் நீங்கள் கேட்ட தூரம் ஆகிவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். தெலுக் பிளாங்கா மலைக்கும் அலெக்சாண்ட்ரா ஆர்ச்சுக்கும் நடுவே வரும் ஃபாரஸ்ட் வாக் உயரத்தில் போடப்பட்ட இரும்புக் கம்பிவலைத் தளம். கால் வைத்தால் கீழே மரங்களின் உச்சி தெரியும். பல நாய்கள் வயிற்றைத் தாழ்த்தி அப்படியே உட்கார்ந்துவிடும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் நகம் கம்பியிடுக்கில் மாட்டி வேரோடு பிய்ந்துவிடும், ரத்தம் லேசில் நிற்காது. அதற்குப் பதிலாகக் கீழே தரையோடு போகும் எர்த் டிரெயிலைப் பிடியுங்கள். ஏற்றம் கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் நாய்க்குப் பாதத்தில் பிடி கிடைக்கும்.

பழைய தண்டவாளம்:
ஏற்றம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் ரயில் காரிடார்தான் என் தேர்வு. 2011-இல் மலாயா ரயில் சேவை தஞ்சோங் பகாரை விட்டுப் போனபின் நடைபாதையாகிவிட்ட தடம் அது. மொத்தம் 24 கிலோமீட்டர். முழுக்க நடக்கத் தேவையில்லை. கிங் ஆல்பர்ட் பார்க் பக்கத்து இரும்புப் பாலத்தில் தொடங்கி ரயில் மால் அருகே உள்ள இன்னொரு இரும்புப் பாலம் வரை போங்கள். சுமார் நாலு கிலோமீட்டர், ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்து எங்குமே கிடையாது. வயதான நாய்க்கும் இடுப்பு மூட்டில் கோளாறு உள்ள நாய்க்கும் இதைவிட நல்ல பாதை இந்த ஊரில் இல்லை.

கார் இல்லை என்றீர்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ஏற்ற முடியாது. கிராப் பெட் மாதிரி செல்லப்பிராணிக்கென்றே இருக்கிற வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும். அதனால் காரிடாரில் ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறுவதே வசதி. ரயில் மாலில் காருக்குக் காத்திருக்க நிழல் உண்டு.

பாதையில் பொடிச் சரளை போட்டிருக்கிறார்கள். நடை முடிந்ததும் பாதத்தை விரித்து விரலிடுக்கில் பாருங்கள். பட்டாணி அளவுகூட இல்லாத கல் ஒன்று மாட்டியிருந்தாலே மறுநாள் நொண்டும். காப்பகத்தை ஒட்டிப் போகிற பகுதியில் கிளைப்பாதைகள் பிரியும். அவற்றில் நுழையாதீர்கள், அங்கே மறுபடியும் நாய்க்கு அனுமதி இல்லை. சைக்கிள்கள் பின்னாலிருந்து வரும். நாயை இடதுபக்கம், உங்களுக்கும் புல்லுக்கும் நடுவில் வைத்து நடங்கள்.

கயிறு முக்கியம்:
தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல், அதுவும் இடிக்குப் பயம் என்றால், எந்த இடம் என்பதைவிடக் கயிறுதான் முதல் கவலை. இந்த நாய்களுக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. மிரண்டால் பின்னோக்கி இழுத்து, முன்னங்காலை மடக்கி, சாதாரண ஹார்னஸிலிருந்து (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) சில நொடிகளில் உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் மூன்று பட்டை உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். மூன்றாவது பட்டை விலாவுக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் வரும், அதைத் தாண்டி மார்பு வெளியே வராது. கூடவே இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டை. இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, ஒன்று கையில், மற்றது உங்கள் இடுப்பில். பட்டைக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும்.

உருளையிலிருந்து நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளி நாய் புதருக்குள் தலையை விட்டால் அங்கே மலைப்பாம்பு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டர் நிலையான கயிறு போதும்.

மழை பற்றி ஒன்று. இங்கே இடி பெரும்பாலும் மத்தியானம்தான் என்று நினைத்துக் காலையில் கிளம்புகிறோம். ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா புயற்காற்று விடியற்காலையிலேயே வந்து அடிக்கும். கிளம்புமுன் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கே மலாக்கா நீரிணையில் வில் மாதிரி வளைந்து ஒரு பட்டை நகர்ந்து வந்தால் அன்று போக வேண்டாம்.

வெயில் கணக்கு:
மற்றவர்கள் இடம் சொல்லிவிட்டார்கள், நான் நேரம் சொல்கிறேன். இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில். ஏழுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நடை முடிந்துவிட வேண்டும். நாய் உடம்பைத் தணித்துக்கொள்வது மூச்சிரைப்பதால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது நாக்கிலிருந்து நீர் ஆவியாகாது, எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நிழலான பாதையிலும் வெப்பத்தாக்கு வருவது இதனால்தான். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களை இந்தப் பாதைகளுக்கு அழைத்துப் போகவே கூடாது.

16 கிலோ நாய்க்கு இரண்டு மணி நேர நடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தனியாக எடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் கிண்ணம். ஒரேயடியாகக் குடிக்கவிட்டால் வாந்தி எடுக்கும். குட்டைத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

ஈறு செக்கச்செவேலென்று மாறுவது, எச்சில் கெட்டியாக வடிவது, பின்னங்கால் தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள். வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனைய நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். கொஞ்சம் தணிந்தபின் மருத்துவரிடம் போங்கள், தணிக்காமல் காரில் ஏற்றி ஓடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்க்க வேண்டும். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், விரலிடுக்கு, வாலடி. கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். திருகவோ நசுக்கவோ வேண்டாம். எண்ணெய் தடவிக் காத்திருப்பதும் தப்பு, அதற்குள் உண்ணிக் காய்ச்சல் கிருமி உடம்பில் ஏறிவிடலாம்.

தோபாயோ வாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று பட்டை ஹார்னஸ் பற்றித் தெரியவே தெரியாது, இன்றைக்கே தேடுகிறேன். இன்னும் ஒரு கேள்வி. குரங்கும் காட்டுப்பன்றியும் வந்தால் என்ன செய்வது? கோனி தீவு எப்படி?

பச்சைத்தடம்:
குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. கயிற்றில் தொங்கும் மலப்பையைக்கூடப் பறிக்க வரும். அதை மூடியுள்ள டப்பாவில் போட்டு முதுகுப்பைக்குள் வையுங்கள். குரங்குக் கூட்டம் தெரிகிற இடத்தில் நாய்க்குத் தின்பண்டமும் எடுக்காதீர்கள். பன்றி குட்டிகளோடு இருந்தால் கயிற்றைச் சுருக்கி, ஓடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். பன்றி பாய்வது பெரும்பாலும் குரைக்கிற நாய் மேல்தான். அதனால் அவள் குரைக்க ஆரம்பிக்கும் முன்பே திரும்பிவிடுவது நல்லது.

கோனி தீவில் கயிறு கட்டிய நாய்க்கு அனுமதி உண்டு. பொங்கோல் பக்க வாசலில் நுழையலாம், பாதை சமதளம். தொல்லை மணல் ஈதான். கடற்கரை மணலில் இறங்கினால் நாயின் வயிற்றில் முடி குறைந்த இடமெல்லாம் தடித்துவிடும். நடுப்பாதையிலேயே நடங்கள். தீவுக்குள் குடிநீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், எல்லாம் கையோடு போக வேண்டும்.

வெயில் கணக்கு:
மழைக்கு மறுநாள் எங்கே போனாலும் தேரை இருக்கும். நாய் அதைக் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடைவாய் வழியாகத் தண்ணீர் விட்டு, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் ஐந்து நிமிடமாவது துடையுங்கள். நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் விஷத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். சீறித் துப்பும் நாகமும் இங்கே உண்டு. அது கண்ணில் துப்பிவிட்டால் குடிக்க வைத்திருக்கிற தண்ணீரை முழுக்கக் கண்ணிலேயே ஊற்றிக் கழுவுங்கள், கால் மணி நேரமாவது. நான் சொன்ன ஒரு லிட்டரோடு இன்னொரு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.