டிரைஸ் பிரபுவும் அவர் தந்தையும்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அக்கா: வணக்கம் பெரியப்பா. சைக்கிளுக்கு முன்னோடியான வண்டியைச் செய்தவர் கார்ல் ஃபான் டிரைஸ் என்ற ஜெர்மன் பிரபு என்று மகளின் பாடத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. பிரபு என்றதும் அரண்மனையில் பொழுதைப் போக்கியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் உண்மையில் எப்படி வாழ்ந்தார்?

பெரியப்பா: நல்ல கேள்வி, அம்மா. டிரைஸ் 1785 ஏப்ரல் 29 அன்று கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை; அந்நகரம் பாடன் என்ற சிறு நாட்டின் தலைநகரம். குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் இருந்தாலும், அதன் செல்வாக்கு அரசுப் பதவிகளால் வந்தது. தந்தை நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்து பாடனின் தலைமை நீதிபதியானவர். சிற்றப்பா வனவியல் பள்ளி நடத்தினார். டிரைஸ் அங்கே பயின்று, ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் கட்டடக்கலையும் படித்து, வன அதிகாரியானார். ஆனால் மனம் காட்டில் இல்லை, பட்டறையில்தான் இருந்தது. சம்பளத்தோடு நீண்ட விடுப்புப் பெற்று, மன்ஹைம் நகரில் தந்தையோடு தங்கி, இயந்திரங்கள் செய்யத் தொடங்கினார்.

தம்பி: அந்த வண்டியில் மிதிகட்டையே கிடையாதாமே, பெரியப்பா?

பெரியப்பா: கிடையாது, தம்பி. அது பாரிஸில் 1860களில்தான் வந்தது. டிரைஸின் வண்டி ஏறக்குறைய 22 கிலோ எடையுள்ள மரவண்டி. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், நடுவில் இருக்கை. முன்சக்கரத்தை ஒரு கம்பால் திருப்ப வேண்டும். முழங்கைகளை ஊன்றிக்கொள்ள மார்புக்கு முன்னால் மெத்தை வைத்த ஒரு பலகை இருந்தது. கயிற்றை இழுத்தால் பின்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். கால்களால் தரையை மாறிமாறி உந்த வேண்டும். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமிலிருந்து புறப்பட்டு, ஷ்வெட்சிங்கன் செல்லும் சாலையில் ஒரு விடுதி வரை போய்த் திரும்பினார். ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, தம்போரா எரிமலை வெடிப்பின் விளைவாக ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் பயிர்கள் பொய்த்தன. குதிரைக்குத் தீவனம் கிடைக்காத அந்த நிலைதான் அவரைத் தூண்டியது என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

நான்: அப்படியானால் பெரும் பணம் சம்பாதித்திருப்பாரே?

பெரியப்பா: இல்லை. 1818 ஜனவரியில் பாடன் அரசு பத்தாண்டுத் தனியுரிமையும், இயந்திரவியல் பேராசிரியர் என்ற பட்டமும் வழங்கியது. ஆனால் அந்த உரிமை பாடனுக்கு வெளியே செல்லாது. இலண்டனிலும் பாரிஸிலும் பலர் அதைப் பார்த்துச் செய்து விற்றார்கள். சாலை மேடுபள்ளமாக இருந்ததால் ஓட்டுபவர்கள் நடைபாதையில் ஏற, பல நகரங்கள் அதைத் தடைசெய்தன.

இதைவிடப் பெரிய அடி தந்தையின் பதவி வழியாக வந்தது. 1819இல் கார்ல் சாண்ட் என்ற மாணவர் மன்ஹைமில் நாடகாசிரியர் கொட்செபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஜெர்மனி ஒன்றாக வேண்டும் என்று விரும்பிய மாணவர்கள் கொட்செபுவை எதிரியாகக் கருதினார்கள். அந்த மாணவரை ஒரு தியாகியாகவே பலர் கொண்டாடினார்கள். தலைமை நீதிபதியான டிரைஸின் தந்தை சாண்டுக்குக் கருணை காட்டும்படி பரிந்துரைக்கவில்லை. 1820 மே மாதம் சாண்டின் தலை வெட்டப்பட்டது. அந்தக் கோபத்தை மாணவர்கள் மகன்மீது காட்டினார்கள். ஊரில் தலைகாட்ட முடியாத நிலையில், 1822இல் டிரைஸ் பிரேசிலுக்குப் போய், லாங்ஸ்டோர்ஃப் என்ற இயற்கை ஆய்வாளரிடம் நில அளவையாளராக வேலை செய்து, 1827இல்தான் திரும்பினார்.

அத்தை: தந்தை தம் கடமையைச் செய்ததற்கு மகன் என்ன செய்வான், அண்ணா? இது பெரும் அநியாயம்.

பெரியப்பா: உண்மைதான், அம்மா. 1830இல் தந்தை மறைந்த பிறகு அவருக்குப் பாதுகாப்பே இல்லாமல் போயிற்று. 1838இல் அவரைக் கொல்லவும் ஒரு முயற்சி நடந்தது. தப்பியவர் ஓடன்வால்ட் மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பிறகு கார்ல்ஸ்ரூஹேக்குத் திரும்பினார். 1849இல் பாடனில் மன்னராட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது, தம் பிரபுப் பட்டத்தைத் துறந்துவிட்டதாகவும், இனித் தாம் வெறும் குடிமகன் கார்ல் டிரைஸ் என்றும் செய்தித்தாளில் அறிவித்தார். அறுபத்து நான்கு வயதில், அரசு தரும் ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டே அப்படி அறிவிக்க எத்தனை துணிவு வேண்டும்! சில வாரங்களில் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் நாட்டின் படை புரட்சியை அடக்கியது. அரச ஆதரவாளர்கள் அவரைப் பித்தர் என்று அறிவித்து அடைத்துவைக்க முயன்றார்கள். புரட்சியால் ஏற்பட்ட செலவை ஈடுகட்ட என்று சொல்லி ஓய்வூதியத்தையும் பறித்துக்கொண்டார்கள். விசைப்பலகை கொண்ட தட்டச்சு இயந்திரத்தை 1821இலேயே செய்து பார்த்த மனிதரைக் கிறுக்கர் என்று அடுத்த தலைமுறையும் நம்பியதற்கு, இந்த அரசியல் பகையே முதற்காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அத்தை: மனைவி மக்கள் யாரும் உடன் இல்லையா, அண்ணா?

பெரியப்பா: அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. 1851 டிசம்பர் 10 அன்று கார்ல்ஸ்ரூஹேயில் வறுமையில் இறந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1891இல், ஜெர்மன் சைக்கிள் ஓட்டிகள் அவருடைய எச்சங்களை நகரின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி, அங்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

அக்கா: மிக்க நன்றி, பெரியப்பா. பட்டத்தைத் துறந்ததையும் ஓய்வூதியம் பறிபோனதையும் இன்றிரவே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.