அன்றாடப் படங்களில் கதையைத் தேடுவது எப்படி?

ரோஸ் ஹில் வாசகி கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கைப்பேசியில் படம் எடுப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மொரீசியசு என்றதும் எல்லோரும் எடுக்கும் கடற்கரைப் படங்கள் அல்ல. தோல்பூரி (பருப்பு வைத்துச் சுடும் மெல்லிய பூரி) விற்பவரின் வண்டி, பேருந்து நிறுத்தம், கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள், வௌவாலுக்குப் பயந்து வலை போர்த்திய எங்கள் லிச்சி மரம் என்று கண்ணில் படுவதையெல்லாம் எடுக்கிறேன். எங்கள் தமிழ் வகுப்பில், வரும் தீபாவளிக்கு ஆளுக்குச் சில படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரியில் அதன் கதையை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால், "இது தோல்பூரி வண்டி" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. எடுக்கும்போது இருந்த மகிழ்ச்சி படத்தில் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. குறை படத்திலா, எழுத்திலா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குவாத்ர் போர்னிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வணக்கம் அம்மா. படத்தின் நடுவில் இருப்பது, எடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்து எடுத்தது. அதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமாதலால் எழுத ஒன்றும் தோன்றாது. ஓரங்களைப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு எங்கள் தெருவில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் பூவும் மயிலிறகுமாகக் காவடி. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு சிறுவன் நிற்கிறான். ஒரு கையில் பெரிய ஆளின் செருப்பு, மறு கையில் தண்ணீர்க் குப்பி. காவடி எடுத்தவர் வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடக்க, அவருடைய செருப்பைக் கோயில்வரை சுமக்கும் பொறுப்பு இவனுக்கு. குப்பியில் பாதி காலி. அவர் கால் வைக்கப்போகும் இடத்தில் ஊற்றியிருக்கிறான், தரையில் ஈரம் தெரிகிறது. காவடியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அந்தச் செருப்பைப் பற்றி நீங்கள் எழுதலாம்.

தோல்பூரி வண்டிக்கும் இதுவே வழி. வண்டியை விட்டுவிட்டு விற்பவரின் கையைப் பாருங்கள். இரண்டு பூரியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அவரைக் கறியும் தக்காளிக் கறியும் தடவி, மிளகாய் வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டு, சுருட்டித் தாளில் மடிக்கும்வரை அந்தக் கை நிற்பதில்லை. பழைய வாடிக்கையாளரிடம் மட்டும் மிளகாயைக் கேட்க மாட்டார். யாரிடம் கேட்டார், யாரிடம் கேட்கவில்லை என்பதிலேயே நாலு வரி கிடைத்துவிடும். மீதியைக் கொஞ்சம் கற்பனையால் நிரப்பிக்கொண்டால் தவறில்லை.

மோக்கா வாசகர்:

ஆசிரியர் ஐயா சொன்ன கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படத்தில் இருப்பவர் நாளைக் காலை அதே சந்தையில் நம்மைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர். அவருக்கு இல்லாத ஒரு சோகத்தையோ தியாகத்தையோ நாம் எழுதி ஒட்டுவது நியாயமில்லை. தெரியாததை அவரிடமே கேட்டுவிடலாம், இந்தத் தீவு அவ்வளவு பெரியதா என்ன?

இங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பழைய படங்கள் இருக்கின்றன. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் தம் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. பதிவேடுகளில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சொந்த ஊர் என்று அரசாங்கத்துக்கு வேண்டியதெல்லாம் உண்டு. அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார், படம் எடுக்க யாருடைய சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் இல்லை. நம்மிடம் அதைக் குறித்துவைக்க வசதி இருக்கிறது. ஆகவே, எடுத்த அன்றே, படத்தில் தெரியாத ஒன்றை எழுதிவிடுங்கள்: அங்கே கேட்ட பேச்சு, அடித்த மணம், அடுத்த நிமிடம் நடந்தது. நீங்கள் தேடும் மகிழ்ச்சி பெரும்பாலும் அந்த அடுத்த நிமிடத்தில்தான் இருந்திருக்கும். அது படத்துக்குள் வருவதே இல்லை.

ஒரு சிறு குறிப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நாள், நேரம், இடம் முதலிய விவரங்கள் கோப்பிலிருந்து நீங்கிவிடும். வகுப்புக்கு அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

மாஹேபூர் வாசகி:

அக்கா, நான் திங்கட்கிழமைச் சந்தையில் படம் எடுப்பவள். வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் நண்பகல் சூரியன் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால், முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, சிரிப்பவர்கூடக் கோபமாக இருப்பதாகத் தோன்றும். காலை எட்டு மணிக்கு முன்பு போங்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள், அப்புறம் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்பவரிடம் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் சொன்ன கதையை மட்டும் படமில்லாமல் எழுதிவைப்பேன்.

ரோஸ் ஹில் வாசகி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு படங்களைப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்தேன். பேருந்து நிறுத்தப் படம் ஒன்றில், பேருந்து வந்து நின்ற பிறகும் ஒரு பெரியவர் ஏறாமல், கையிலிருக்கும் தோல்பூரித் தாளை அவசரமாக மடித்துக்கொண்டிருக்கிறார். நடத்துநர் படியில் நின்று அவருக்காகக் கையை உயர்த்தி ஓட்டுநரைப் பொறுக்கச் சொல்கிறார். எடுத்தபோது இருவரையும் நான் கவனிக்கவே இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: "ரோஸ் ஹில், காலை நேரம். பேருந்து காத்திருக்கிறது, பெரியவர் இன்னும் கடைசி வாயை முடிக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை." கடைசி வாக்கியம் படத்தில் தெரிகிறதா, நானாகச் சேர்த்ததா என்று எனக்கே ஐயமாக இருப்பதால், மோக்கா ஐயா சொன்னபடி அதை இப்போதைக்கு அடைப்புக்குள் வைத்திருக்கிறேன். அந்த நடத்துநர் இதே தடத்தில்தான் வருகிறார். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.