ஒரே வகுப்பில் படித்தோம், 50 வயதில் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது?

காரைக்குடிக்காரன்:
நானும் என் நண்பனும் பத்தாவது வரை ஒரே பெஞ்ச். கணக்கில் அவன்தான் எப்போதும் முதல். பத்தாவது முடிக்கும்போது அவன் அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார், வைத்தியத்துக்கு 5 வட்டிக்குக் கடன் வாங்கினார்கள், அவன் ஆத்தங்குடிக் கல் (சிமெண்ட் தரை ஓடு) போடும் பட்டறைக்குப் போய்விட்டான். நான் பாலிடெக்னிக் முடித்து கம்பெனி வேலைக்குப் போனேன். இன்று எனக்குச் சொந்த வீடும் பிஎஃப்பும் இருக்கின்றன. அவனுக்கு வாடகை வீடு, தேய்ந்த முழங்கால், சர்க்கரை. ஊரில் "சேர்த்து வைக்கத் தெரியாதவன்" என்கிறார்கள், அதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. எந்த இடத்தில் தவறியது?

வட்டிக்கணக்கு:
ஒரே இடம் என்று காட்ட முடியாது அண்ணே. 5 வட்டி என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். 20,000 வாங்கினால் மாதம் 1,000 வட்டி, 20 மாதத்தில் வாங்கிய அளவு கட்டியாகிவிடும், அசல் அப்படியே நிற்கும். உங்கள் பக்கம் அதே வட்டி உங்களுக்காக வேலை செய்திருக்கிறது. 8 சதவீதத்தில் பணம் சுமார் 9 வருடத்தில் இரட்டிக்கும், 24 வயதில் போட்ட 1 லட்சம் 60-ல் 16 லட்சம், 42-ல் போட்டால் 4 லட்சம்தான். கடனை அடைத்து நிமிர்வதற்குள் அவருக்கு அந்த முதல் 18 வருடம் போயிருக்கும். பிஎஃப்பும் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம், சின்னப் பட்டறைக்கு எங்கே வரும்?

தேவகோட்டை நர்ஸ்:
உடம்பிலும் இப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் சர்க்கரையும் கூடுதலாக வருவதை டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் காட்டினார். அதாவது தாய் வயிற்றிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. அப்புறம் வருடக்கணக்காகக் குத்தவைத்து சிமெண்ட் வேலை. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், அதனால் போகமாட்டார்கள், காலில் புண் வந்த பிறகு வருவார்கள். எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன்.

கானாடுகாத்தான்:
பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த செட்டியார் வீடுகள் மறுபடி எழவில்லையா? உழைப்பும் வேண்டும்.

வட்டிக்கணக்கு:
உழைப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? பர்மாவில் 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, நிலம் போனது. கணக்கெழுதும் பழக்கமும், பையனைப் பெட்டியடியாக, அதாவது தொழில் பழகும் பையனாக, சேர்த்துக்கொள்ள ஒரு பங்காளி கடையும் போகவில்லை. அதுவும் இல்லாத வீடுகள் எழவில்லை, பர்மா தேக்குத் தூணையும் கதவையும் பெயர்த்து விற்றார்கள், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பாருங்கள். உள்ளவனுக்கே மேலும் சேரும் இந்தப் போக்குக்கு ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1968-ல், பைபிளில் மத்தேயு எழுதிய வசனத்தை வைத்து, மத்தேயு விளைவு என்று பெயர் வைத்தார், அவர் எழுதியது விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும் பெயரைப் பற்றி, ஆனால் பட்டறைக்கும் அப்படியே பொருந்துகிறது. கல் பட்டறைப் பையனுக்கு எந்தப் பங்காளி இருந்தான்?

காரைக்குடிக்காரன்:
சரி, அவன் மகள் இப்போது பிளஸ் டூ. படிப்பை நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

தேவகோட்டை நர்ஸ்:
நிறுத்த விடாதீர்கள் அண்ணே. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 வரும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. அவர் கையில் இன்னும் 5 வட்டிக் கடன் மிச்சமிருந்தால், வீட்டில் நகை இருக்கிறதா என்று கேட்டு, கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். நீங்களே கூடப் போய் வாருங்கள்.