ஜப்பானிய மொழி என்4: இங்கிலீஷ் வழியாகப் படித்துக் குழம்பிவிட்டேன்

அம்பைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், நர்சிங் முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக முயற்சி செய்கிறேன். போன டிசம்பரில் சென்னைக்குப் போய் ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படியான என்5 எழுதிப் பாஸ் ஆகிவிட்டேன், ஜூலையில் அடுத்த படியான என்4 எழுத வேண்டும். ஹிரகானா, கட்டகானா எழுத்துகளில் பிரச்சினை இல்லை. ஆனால் வகுப்பு, புத்தகம் இரண்டுமே இங்கிலீஷில், நானோ பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் புரிந்துகொண்டு, அப்புறம் தமிழில் யோசித்துப் பார்ப்பதற்குள் டீச்சர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். வினைச்சொல்லின் ‘தெ’ வடிவம் வந்ததிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. அதைவிடப் பெரிய பயம், அங்கே பெரியவர்களிடம் எது மரியாதை, எது தப்பு என்பதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தென்காசி நகோயா:
தங்கச்சி, முதலில் இங்கிலீஷை நடுவிலிருந்து தூக்கிவிடுங்கள். நானும் எட்டு மாதம் இப்படித்தான் கஷ்டப்பட்டேன். ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தெ’ வடிவம் வேறொன்றும் இல்லை, நம்முடைய ‘செய்து’, ‘போய்’, ‘சாப்பிட்டு’தான். ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்றாலே பார்தான். ‘ஷிதெ ஒகு’ என்றால் செய்து வை. வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள், அப்படியே நம்முடைய ‘போயிட்டு வாரேன்’. ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் ஆச்சி ஏசுவாள். அதே சொல்லை ஏழு கடல் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசலில் நின்று சொல்லக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.
பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற ‘வ’, ‘க’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் தமிழ் முழுதாகக் கைகொடுக்காது. அதை வாக்கியம் வாக்கியமாகத்தான் பழக வேண்டும்.

பேட்டை வாத்தியார்:
தம்பி சொல்வது சரி. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே நிறைய எழுதினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், படிக்கிறவருக்கு ஒற்றுமை உதவும். கொரே, சொரே, அரே, தொரே: இது, உது, அது, எது. ‘உது’ நம் பக்கம் பேச்சில் இல்லாமல் போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் சொல்கிறார்கள். கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ‘சொரே’.

வள்ளியூர் செவிலி:
நான் ஒசாகாவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். நம் ஊரில் பார்க்கிற பெரியவர்களை எல்லாம் தாத்தா, ஆச்சி என்போம். இங்கே குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். தாத்தா, பாட்டி என்றால் சிலருக்கு மனசு நோகும். உங்கள் பெயரோடு மட்டும் ‘சான்’ போடாதீர்கள். அவர்கள் பேசும்போது இடையிடையே ‘ஹை, ஹை’ (ஆமாம், ஆமாம்) என்று உம் கொட்டுங்கள். சும்மா இருந்தால் நாம் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் நமக்கு ‘ஹை’ என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் அதுதான். நம் பக்கவாட்டுத் தலையாட்டலைக் கட்டாயம் விட்டுவிடுங்கள், மறுக்கிறோம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.
சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கிற முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு மாற்றுவதும் கூடாது, தகனம் முடிந்து எலும்பை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். துட்டி வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லாமல் கிளம்புகிற நமக்கு இது புரியும். நோயாளிக்குத் தொட்டிச் செடி கொடுக்காதீர்கள், வேர் பிடிப்பதும் படுத்த படுக்கையாவதும் இங்கே கிட்டத்தட்ட ஒரே ஒலியுள்ள சொற்கள்.
அப்புறம், என்4 மட்டும் போதாது, பராமரிப்பு வேலைக்கான ஜப்பானியத் தேர்வு தனியாக உண்டு. இப்போதே தொடங்குங்கள்.

அம்பைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி இங்கிலீஷ் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன். ‘தபெதெ ஷிமாத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன். சரியா அண்ணாச்சி?

தென்காசி நகோயா:
சரிதான். ஆனால் பல நேரம் அதில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும், ‘ஐயோ, தின்னுட்டேனே’ என்பது மாதிரி. வெறுமனே சாப்பிட்டேன் என்பதற்கு ‘தபெமாஷிதா’ போதும்.