வரிச்சுமைக் கணக்கு: எந்த அட்டவணையைப் பார்ப்பது?

நண்பர்களே, ஒரு உதவி. மன்னார்குடியில் எங்கள் தெரு டீக்கடைக்கு இரண்டு நாளிதழ்கள் வரும். நேற்று ஒன்றில் தமிழ்நாட்டில் வரிச்சுமை அதிகம், இன்னொன்றில் குறைவு. பெஞ்சில் ஒரே சண்டை.

உள்ளே படித்தால், முதலாவது தலைக்கு இத்தனை ரூபாய் என்கிறது. மற்றது மாநில உற்பத்தி மதிப்பில் இத்தனை சதவீதம் என்கிறது. வருமானம் கூடிய மாநிலத்தில் தலைக்கு வரியும் கூடத்தானே செய்யும்! தலைப்பு போடுகிறவருக்கு இது தெரியாதா என்ன.

சரி, என் சந்தேகம் வேறு. மாநில ஜிஎஸ்டி, பெட்ரோல் மீதான வாட், முத்திரைத்தாள் கட்டணம் எல்லாம் மாநிலத்தின் சொந்த வரி. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வரியில், 15-வது நிதிக்குழுவின்படி தமிழ்நாட்டுக்கு வந்த 4.079 சதவீதப் பங்கையும் இதோடு கூட்டலாமா? ரிசர்வ் வங்கியின் மாநில நிதி அறிக்கையில் இரண்டையும் பிரித்துக் காட்டும் அட்டவணை எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.