குடைமிளகாய்க்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஷீட்டா, வண்ண நிழல்வலையா?

கேள்வி: ஓசூர்_தோட்டம்

ஓசூர் அருகே பசுமைக்குடிலில் குடைமிளகாய் பயிரிட்டு வருகிறேன். கூரையின் பாலித்தீன் ஷீட்டை இந்த ஆண்டு மாற்ற வேண்டும். கோடையில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் பெருகுவதால், புற ஊதா ஒளியைத் தடுக்கும் ஷீட்டைப் போடும்படி ஒரு விற்பனையாளர் கூறுகிறார். மற்றொருவரோ, வழக்கமான ஷீட்டையே போட்டு, உள்ளே கறுப்பு வலைக்குப் பதிலாகச் சிவப்பு வலை கட்டினால் விளைச்சலும் கூடும், பூச்சியும் குறையும் என்கிறார். இவை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

பதில்: பயிர்ப்பாதுகாப்பு_மாணவர்

இல்லை ஐயா. வெள்ளை ஈ, இலைப்பேன், அசுவினி ஆகியவற்றின் கண்களுக்கு 300 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளி தெரியும். பறக்கும்போது அந்த ஒளி நிறைந்த வெளியை நோக்கிச் செல்லும் வெள்ளை ஈ, இறங்கும்போது இலையின் மஞ்சள்-பச்சை ஒளியை நாடுகிறது. கூரை புற ஊதாவை உறிஞ்சிவிட்டால் குடிலின் உட்புறம் அதற்கு இருண்டு தெரிவதால் நுழைவது குறைகிறது. நுழைந்தவையும் செடிக்குச் செடி பரவுவது மட்டுப்படுகிறது. இஸ்ரேலில் 1990களில் நடந்த ஆய்வுகளில், இத்தகைய ஷீட்டுக்குள் பூச்சிகளுடன் அவை பரப்பும் வைரஸ் நோய்களும் குறைந்தன. ஆனால் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பேனையும் சந்தேகியுங்கள். அது பறக்காத உயிரி என்பதால் ஷீட்டை மாற்றி அதைக் கட்டுப்படுத்த முடியாது.

பதில்: நிழல்வலை_அனுபவம்

கறுப்பு வலை ஒளியின் அளவை மட்டும் குறைக்கிறது. அதன் நிறக்கலவையை மாற்றுவதில்லை. வண்ண வலையோ தன் இழை வழியாகச் செல்லும் ஒளியை வடிகட்டிச் சிதறச் செய்கிறது. செடியிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, 660 நானோமீட்டர் அளவிலான சிவப்புக்கும் 730 அளவிலான தொலைசிவப்புக்கும் (சிவப்பைத் தாண்டிய, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) இடையிலுள்ள விகிதத்தை உணர்ந்து தண்டின் நீட்சியையும் கிளைப்பையும் நெறிப்படுத்துகிறது. நீல ஒளியை உணர வேறு நிறமிகள் உள்ளன. பொதுவாக நீல வலையின் கீழ்ச் செடி குட்டையாகவும், சிவப்பு, மஞ்சள் வலைகளின் கீழ் வீரியமாகவும் வளரும். இஸ்ரேலின் பெசோர் பகுதிச் சோதனைகளில் சிவப்பு, மஞ்சள், முத்து நிற வலைகளின் கீழ்க் குடைமிளகாய் கறுப்பு வலையைவிடக் கூடுதலாக விளைந்தது. எனினும் அசுவினியும் வெள்ளை ஈயும் குறைந்தது மஞ்சள், முத்து நிற வலைகளில்தான். சிவப்பு வலையில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. எனவே விளைச்சலைப் பற்றி அந்த இரண்டாம் விற்பனையாளர் கூறுவதில் நியாயம் உண்டு, பூச்சியைப் பற்றிக் கூறுவதை ஏற்க முடியாது. மேலும், அவை திறந்தவெளி வலைக்கூடாரச் சோதனைகள் என்பதால், ஷீட்டுக்கு அடியில் மீண்டும் ஒரு வலை கட்டும்போது மழைக்கால மூட்டத்தில் ஒளி போதுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வியாளர்: ஓசூர்_தோட்டம்

மிக்க நன்றி. இப்போதுள்ள ஷீட்டில் "யூ.வி. ஸ்டெபிலைஸ்டு, 200 மைக்ரான்" என்று அச்சிட்டிருக்கிறதே, அது புற ஊதாவைத் தடுக்காதா? அடுத்த பருவத்தில் கத்தரி நடவும் எண்ணம் உண்டு.

பதில்: பசுமைக்குடில்_ஆலோசகர்

பலரும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். அந்தச் சொல், வெயிலில் ஷீட் விரைவில் நைந்து போகாமலிருக்க வேதிப்பொருள் சேர்த்திருப்பதை மட்டுமே குறிக்கிறது; புற ஊதா எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்வதில்லை. 300 முதல் 400 நானோமீட்டர் வரை எத்தனை சதவீதம் ஊடுருவுகிறது என்ற அளவீட்டை எழுத்தில் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் பகுதியில் சிவப்பு ரோஜா வளர்ப்பவர்கள் இதழ் கருகுவதைத் தடுக்கத் தேடுவதும் புற ஊதாவைத் தடுக்கும் இதே வகை ஷீட்டைத்தான்.

கத்தரிக்கு இது ஒத்துவராமல் போகலாம். தோலின் ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் உருவாக, பல இரகங்களுக்குப் புற ஊதாவும் நீல ஒளியும் தேவைப்படுவதால், காய் வெளிறக்கூடும். தேனீக்களும் புற ஊதாவைக் கொண்டே வழியறிகின்றன. தன் மகரந்தச் சேர்க்கை நிகழும் குடைமிளகாய்க்கு அது பொருட்டல்ல, தேனீயை நம்பும் பயிருக்கு இழப்பாகும். எந்த ஷீட்டைப் போட்டாலும் பக்கவாட்டுப் பூச்சிவலையையும் இரட்டைக் கதவையும் கைவிடாதீர்கள். குடிலில் ஒரு பகுதிக்கு மட்டும் முதலில் புதிய ஷீட்டைப் போட்டு, இரு பகுதிகளிலும் மஞ்சள் ஒட்டுப்பொறிகளைச் சம எண்ணிக்கையில் தொங்கவிட்டு வாரந்தோறும் எண்ணி வந்தால், முழுக் கூரைக்கும் செலவிடலாமா என்பது ஒரே கோடையில் தெரிந்துவிடும்.